தொட்டில் செய்யும் கை

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள பழைய மரக்கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பலகைகள் பெரும்பாலும் இந்த மண்ணில் வளர்ந்தவை அல்ல. வெளிர் மஞ்சள் நிறம், ஆங்காங்கே கணுக்கள், அறுத்தால் எழும் பிசின் வாசனை. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இயந்திரங்களைச் சுமந்து வந்த பெட்டிகளின் பைன் மரம் அது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2007-ல் சாம்சங் சுங்குவார்சத்திரம் அருகே வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசானும் டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. ஒவ்வோர் ஆலையின் பின்வாசல் வழியாகவும் பெட்டி மரம் வெளியே வருகிறது. அது பரணாகிறது, கடையின் பெஞ்சாகிறது, ஆட்டுக் கொட்டகையின் தடுப்பாகிறது. பேரனோ பேத்தியோ பிறக்கப்போகும் வீட்டில் தொட்டிலாகவும் ஆகிறது.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை ஏரிப் பாசனமும் நெல்லும்தான். அன்று தொட்டில் வேண்டுமென்றால் ஊர் ஆசாரியிடம் சொல்ல வேண்டும். ஏரும் நுகமும் வண்டிச் சக்கரமும் கதவு நிலையும் செய்த அதே கைதான் தொட்டிலையும் நடைவண்டியையும் செய்தது. ஊருக்குள் அந்தக் கைக்கு என்ன இடம் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்த விவரங்கள்தான் அதற்கு அடிப்படை. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அந்த ஆவணங்களின் முக்கியத்துவத்தை நம் காலத்துக்கு எடுத்துக் காட்டினார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகளைப் பதிப்பித்தது. அறுவடை முடிந்து களத்தில் நெல்லை அளக்கும்போது கோயிலுக்கும் கணக்கருக்கும் காவலுக்கும் போலவே தச்சருக்கும் கொல்லருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. வேலைக்கு வேலை கூலி பேசாமல் ஆண்டு முழுவதற்குமாகக் களத்திலேயே பங்கு வாங்கிய தொழில் அது.

தொட்டில் என்றாலே மரம் என்று நினைத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான குழந்தைகள் தூங்கியது அம்மாவின் பழைய புடவையில்தான். உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டிய தூளி அது; சில ஊர்களில் ஏணை என்பார்கள். நடவுக்குப் போன பெண்கள் வரப்போரத்து வேலமரத்தில் தூளி கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். இன்று கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் அதேதான். மரத்தொட்டில் கொஞ்சம் வசதி வந்த வீட்டின் பொருள். அதிலும் இரண்டு வகை. உத்தரத்து வளையத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிடுவது ஒன்று. இரண்டு கால்களுக்கு நடுவே ஆடும்படி நிறுத்துவது மற்றொன்று. பக்கங்களில் கடைசல் பிடித்த குச்சிகள் வரிசையாக நிற்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்குச் சாயம் ஏறியிருக்கும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகள் சொப்புக்கும் நடைவண்டிக்கும் பெயர் பெற்றது இந்தச் சாயத்தால்தான். கட்டையைச் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். தூரிகை வேண்டாம்.

பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடிய பதிகத்தில், பிரமன் அனுப்பிவைத்த பொன் தொட்டில் வருகிறது. பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் என்று ஒரு பருவமே தாலாட்டுக்கு உரியது. சமயபுரத்தில் வேண்டுதல் பலித்த பெற்றோர் கரும்பை வளைத்துத் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் இட்டுப் பிரகாரத்தைச் சுற்றி வருகிறார்கள். குழந்தை வேண்டுவோர் கோயில் மரத்தில் கையளவு மரத்தொட்டிலைக் கட்டுவதை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் சொல். அதனால் சில குடும்பங்களில் குழந்தையை முதன்முதலில் இடும் முன் அம்மிக் குழவியைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். சடங்கின் பெயரால் நடப்பது சோதனையும்தான். குழந்தையைவிடக் கனமான கல்லைத் தாங்கிய கயிறும் வளையமும் குழந்தையைத் தாங்கும்.

தலைப் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். எனவே தொட்டிலைப் பற்றிய கவலை பெரும்பாலும் தாய்வழித் தாத்தாவுக்கும் தாய்மாமனுக்கும் உரியது. மகள் ஏழாம் மாதம் வீட்டுக்கு வந்தவுடன் பரணில் இருக்கும் பழைய தொட்டிலை இறக்கிப் பார்ப்பார்கள். நான்கு பிள்ளைகள் தூங்கி வளர்ந்த தொட்டிலுக்குக் கைராசி உண்டு என்று அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டு வருவதும் உண்டு. இல்லாத வீட்டில் புதிதாகச் செய்யவேண்டும். கூரை ஏறவும் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடவும் முடியாத வயதில் ஒரு தச்சரால் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது. பூவரசோ வேம்போ பலாவோ போதும். பாரம் குறைவு, நுணுக்கம் அதிகம்.

அப்படிப்பட்ட கையில் அடி பட்டால்? மாட்டு வண்டி சாய்ந்தோ மரத்திலிருந்து விழுந்தோ எலும்பு முறிந்தால் இந்தப் பகுதி மக்கள் நம்பிப் போன திசை வடக்கு. திருத்தணி, நகரி தாண்டினால் புத்தூர். அதன் அருகிலுள்ள சிற்றூரில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் எலும்பு முறிவுக் கட்டு தமிழ்நாடு முழுவதும் பெயர் பரப்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேசவ ராஜு தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் முறை அது. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, துணி, அதற்கு மேல் மூங்கில் பத்தை. 'புத்தூர் கட்டு' என்ற பலகை இன்றும் நம் நெடுஞ்சாலைகளில் ஊருக்கு ஒன்றாவது தொங்குகிறது. எளிய முறிவுகளில் எலும்பை அசையாமல் நிறுத்துவதுதான் பாதி வைத்தியம். மூங்கில் பத்தை அதைச் செய்துவிடும். ஆனால் நரம்பு அறுந்த கைக்கும் தசைநார் வெட்டுப்பட்ட விரலுக்கும் சதை நசுங்கிய காயத்துக்கும் அது போதாது. அங்கே தாமதித்த ஒவ்வொரு நாளும் விரலின் கணக்கில் இழப்பாகச் சேரும். எலும்பு கூடிய பிறகும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. வாரக்கணக்கில் அசையாமல் இருந்த மூட்டு இறுகிப்போகிறது. உளியைச் சுற்றி விரல் மடங்க மறுக்கிறது.

அந்த மறுப்பை உடைக்க என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் தேடிய வரலாறு, சுங்குவார்சத்திரத்திலிருந்து அதிகத் தொலைவில் நடக்கவில்லை. ஒரு முனை தெற்கே செங்கல்பட்டை அடுத்த திருமணி. மறுமுனை இதே பெங்களூர் சாலையில் மேற்கே வேலூர்.

திருமணியில் 1920-களில் தொழுநோயாளிகளுக்கான விடுதி மருத்துவமனை ஒன்று லேடி வில்லிங்டன் பெயரில் எழுந்தது. அப்போது சென்னை ஆளுநரின் மனைவி அவர். அதற்கு முன்பு கணவர் பம்பாய் ஆளுநராக இருந்தபோது, முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக 1917-ல் குயின் மேரி தொழிற்பள்ளியை நிறுவியவரும் அவரே. அந்தப் பள்ளி பின்னர் புனே அருகே கிர்கிக்கு மாறி இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தில் அதே போரின்போது எலும்பியல் மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் மருத்துவமனையில் காயமுற்ற சிப்பாய்களுக்கு மருத்துவத்தின் பகுதியாகவே பட்டறைகளை அமைத்தார். அரியணை இழந்து வந்திருந்த போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் மனுவேல் அதற்குத் துணை நின்றார். தோள் இறுகியவருக்கு இழைப்புளி, மணிக்கட்டு இறுகியவருக்குத் திருப்புளி என்று காயத்துக்கு ஏற்ற கருவியைக் கையில் கொடுப்பது அந்தப் பட்டறைகளின் எண்ணம்.

திருமணிக்கு 1947-ல் ஒரு இளம் அறுவை மருத்துவர் வந்தார். பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் சில ஆண்டுகள் கட்டட வேலை பழகினார்; கல் வேலையும் தச்சு வேலையும் அவருக்குத் தெரியும். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். திருமணியின் பொறுப்பிலிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். எங்கும் மடங்கிப்போன விரல்கள். இந்தக் கைகளுக்கு ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று பிராண்ட் கேட்டார். எலும்பியல் மருத்துவர் நீங்கள்தானே என்பது போல் அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. முடங்கிய கை என்று எல்லோரும் நினைத்த கைக்குள் வலுவான தசைகள் மிச்சம் இருந்தன. எதைப் பிடிக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வுதான் இல்லை.

இழந்ததை எண்ணுவதை விட்டு, மிச்சம் இருப்பது எது என்று கேட்ட அந்தக் கணத்திலிருந்துதான் நம் ஊர்க் கை மறுவாழ்வு வரலாற்றை எழுத வேண்டும். செயலிழந்த தசையின் வேலையை உயிருள்ள வேறொரு தசையிடம் ஒப்படைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் பிராண்ட் தொழுநோய்க் கைகளுக்குச் செய்யத் தொடங்கினார். முன்கையிலிருந்து வரும் தசைநாரை இடம் மாற்றி விரலோடு தைத்தால் மடங்கிய விரல் நிமிரும். ஆனால் மூளைக்கு அது புதிய பாடம். ஒரு விரலை அசைக்க வேறு விரலை நினைக்க வேண்டும். வாரக்கணக்கில் பழகினால்தான் கை சொன்னபடி கேட்கும்.

அறுவை வெற்றி பெற்ற பிறகும் துயரம் தீரவில்லை. கை சரியாகிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துப் பிச்சைகூட எடுக்க முடியவில்லை என்றார். நோயின் அடையாளத்துக்குப் பயந்து வேலை தருவாரும் இல்லை; விரல் நேராகிவிட்டதால் இரக்கம் காட்டுவாரும் இல்லை. கையைத் திருத்திவிட்டு அதற்கு வேலை தராமல் அனுப்புவது அரைகுறை மருத்துவம் என்று பிராண்ட் உணர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மரங்களுக்கு இடையே எளிய குடில்களைக் கட்டி நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். அறுவை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். அவர்கள் செய்தவை மரப் பொம்மைகள். கற்றுக்கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர். லண்டனில் தச்சு பழகியபோது அது இப்படிப் பயன்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பட்டறையில் வேறொரு உண்மை தெரிந்தது. தொழுநோயால் விரல் அழுகி உதிர்கிறது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. நாள் முழுவதும் அந்த இளைஞர்களோடு இருந்தபோது, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருப்பது புலப்பட்டது. துருப்பிடித்த பூட்டுச் சாவியை ஒருவன் திருகித் திறந்தான். விரலில் எலும்பு வரை வெட்டியிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. சுத்தியல் பிடியில் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கை புண்ணாகும், பிடித்தவருக்கு உறைக்காது. இரவில் தூங்கும்போது எலி கடித்தது. அதற்காக ஆளுக்கொரு பூனை கொடுக்கப்பட்டது. வலி இல்லாததுதான் விரலைத் தின்றது. கருவிகளின் பிடிகளைத் தடிமனாக்கி மழமழப்பாக இழைத்தார்கள். அன்றாடம் மாலையில் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது பழக்கமானது. புதிய காயங்கள் குறைந்தன. தொழுநோய் குறித்த மருத்துவ அறிவின் ஒரு பெரிய திருப்பம் பொம்மை செய்யும் பட்டறையில் நிகழ்ந்தது என்பது தமிழர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பாடப் புத்தகத்தில் இடம்பெறத் தக்கது.

பிராண்டின் மாணவி மேரி வர்கீஸின் வாழ்க்கை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த இளம் மருத்துவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நிற்க முடியாத மருத்துவர் அறுவை செய்ய முடியுமா? கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் விரல்களை அவர் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கான துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் விரல்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த 1970-களில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் ஒரு தொழிலாளியின் விரலைக் காப்பாற்றும் மரபு அது.

இந்த வரலாற்றுக்கு நடுவே இருக்கும் தொழில் வட்டாரத்தில் இன்று ஒரு கை எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்துதரும் பட்டறைகளில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓயாமல் இறங்கி ஏறுகிறது. விரல் நசுங்கினால் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் வழியாக இழப்பீடு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர இழப்பானால் அட்டவணையைப் பார்ப்பார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இந்தப் பாதுகாப்பு போராடிப் பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அது தவறாமல் கிடைக்க வேண்டும். ஆனால் அட்டவணைக்கு இழந்த விரலை மட்டுமே எண்ணத் தெரியும். மிச்சம் இருக்கும் விரல்களுக்கு என்ன வேலை என்பதை யாரும் கேட்பதில்லை. திருமணியில் கேட்கப்பட்ட கேள்வி ஐம்பது கிலோமீட்டருக்குள் மறக்கப்பட்டிருப்பது வருத்தம் தருகிறது.

தொட்டில் இங்கே மறுபடி வருகிறது. அடிபட்ட கைக்குத் தேவையான அசைவுகள் அத்தனையும் தொட்டில் வேலையில் இருக்கின்றன. உப்புத்தாள் தேய்ப்பது தோளையும் முழங்கையையும் நீட்டி மடக்கும். உப்புத்தாள் சுற்றிய கட்டையைச் சாய்வுப் பலகையில் வைத்துத் தேய்க்கச் சொல்வது தொழில்வழிச் சிகிச்சையில் பழைய பயிற்சி. திருப்புளி முன்கையைப் புரட்டும். கழுந்தைத் துளையில் பொருத்திக் கொட்டாப்புளியால் தட்டுவது பிடியை வளர்க்கும். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துவதில் நுனி விரல்கள் பழகும். எந்த வாரத்தில் எதைத் தொடங்கலாம் என்பதை மருத்துவரும் சிகிச்சையாளரும்தான் சொல்ல வேண்டும். மின் ரம்பம் கடைசியில் வரட்டும். ரப்பர் பந்தை ஐம்பது முறை அழுத்து என்றால் சலித்துப்போகும் ஒரு தாத்தா, பேத்தி பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றால் எழுந்து உட்கார்ந்து தேய்ப்பார்.

அன்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும். பக்கக் குச்சிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அமெரிக்கா 1970-களிலேயே இதைச் சட்டமாக்கியது. குழந்தையின் உடல் சந்துக்குள் நழுவித் தலை மட்டும் மாட்டிக்கொள்வதால் நேர்ந்த மரணங்களே அதற்குக் காரணம். பக்கத்தை ஏற்றி இறக்கும் வகைத் தொட்டில்களை 2011-ல் அந்நாடு முற்றிலும் தடை செய்தது. படுக்கும் தளம் சமமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடும் தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடக் கூடாது. நம் பழைய கடைசல் தொட்டில்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் குச்சிகளின் இடைவெளியை அளந்து பார்த்த பிறகுதான் குழந்தையை இட வேண்டும்.

பெட்டி மரத்தில் செய்பவர் முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளுக்குப் பூச்சி ஒழிப்பு கட்டாயம். கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு 'எச்.டி.' என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதை எடுக்கலாம். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்ட மரம். அதைத் தொட்டிலுக்கு எடுக்கவே கூடாது. முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ளதும் வேண்டாம். ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். வண்ணம் அடித்தால் டப்பாவில் ஈயத்தின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். 2016-ல் வந்த விதிப்படி வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. பல் முளைக்கும் குழந்தை கிடைத்ததை எல்லாம் கடிக்கும்.

உணர்வு குறைந்த விரல் நுனியால் சிலாம்பைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பட்டுத் துணியை எடுத்துப் பலகை நெடுக ஓட்டினால் நூல் மாட்டும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது. அங்கே மறுபடி தேய்க்க வேண்டும். நவஜீவ நிலையத்து இளைஞர்கள் தொட்டறிய வேண்டியதைப் பார்த்தறியப் பழகியதும் இதே வகைதான். ஐந்தாம் மாதவாக்கில் குழந்தை குப்புறக் கவிழ்ந்து கையூன்றி எழும்பத் தொடங்கினால் ஆடும் தொட்டிலுக்கு வேலை முடிந்தது. அது பரணுக்குப் போகும். அதற்குள் கை தேறியிருந்தால் மிச்சப் பலகையில் நடைவண்டிக்கு மூன்று சக்கரம் வெட்டத் தொடங்கலாம்.